அடுப்படிக்கு ஒரு தேர்தல்

வாக்கெடுப்புக்கு இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தபோது கோமதிநாயகம் தன்னுடைய முதல் சுவரொட்டியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

'மாற்றம் வேண்டும். வெள்ளிதோறும் அல்வா. ஞாயிறுதோறும் சுறாப்புட்டு. உங்கள் சின்னம் கரண்டி.'

கீழே ஒரு கரண்டி வரைந்திருந்தார். அது மண்வெட்டி போல இருந்தது.

அவர் மனைவி செண்பகவல்லி கிட்டே வந்து படித்தாள்.

"கரண்டிய எப்பயாச்சும் கையில பிடிச்சிருக்கியளா?"

"எதுக்குப் பிடிக்கணும்? நீ பிடிக்கியா? வாயால சொல்லுத. அது செய்யுது. தோசை போடுன்னு சொல்ல எனக்குத் தெரியாதா?"

"தோசை போடுன்னு நல்லாவே சொல்லுவிய. முப்பது வருஷமா அதத்தான சொல்லுதிய."

எட்டு மாதத்துக்கு முன் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ரூபவதி, சிரிப்பை மறைக்கக் காபி டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள்.

இந்தத் தேர்தல் பாளையங்கோட்டையில் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். சமையலறைச் சுவரில் தண்டவாளம் பதித்து, அதில் நான்கு கைகள் ஓடும் பொறி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் வீட்டாள் என்றார்கள். சமைக்கும், துவைக்கும், துலக்கும். அதனுடைய சக்கரத் துணை ஒன்று வீடு முழுவதும் உருண்டு பெருக்கும்.

முதலில் வந்த வீட்டாட்கள் யார் சொன்னாலும் கேட்டன. அதுதான் வினையாகிவிட்டது. மாமியார் உப்புப் போடச் சொல்வாள், மருமகள் வேண்டாம் என்பாள், பொறி இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டுச் சாம்பாரைக் கீழே கொட்டும். அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு குரல் என்று சட்டம் வந்தது. அந்தக் குரலுக்கு உரியவர் இல்லத்தரசு. ஆணானாலும் பெண்ணானாலும் அதே பெயர்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள பெரியவர்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதவிக்கு ஏன் இத்தனை ஆசை என்றால், தொப்பி. இல்லத்தரசு தவிர வீட்டிலுள்ள மற்ற பெரியவர்கள் எல்லோரும் காலையிலிருந்து மாலை வரை அவரவர் அறையில் தொப்பி மாட்டி உட்கார்ந்தாக வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ பொறிகள் எடுக்கும் முடிவுகள் கண் முன்னால் ஓடும். சரி, தவறு என்று பொத்தானை அமுக்க வேண்டும். மனிதர்களுக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். ரூபவதி இயற்பியல் படித்தவள். அவளும் அதைத்தான் அமுக்கினாள். சாயங்காலம் தொப்பியைக் கழற்றும்போது நெற்றியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ராத்திரி வரைக்கும் போகாது.

அவள் பள்ளிப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி, தோளில் துண்டோடு ஒரு பெண். 'முற்காலத்தில் இவர் என்ன வேலை செய்வதாகச் சொல்லப்பட்டது?' என்று கீழே கேள்வி. விடை: 'சும்மா இருப்பதாக.' ரூபவதி சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். அதற்குப் பிந்தைய பெண்கள் அடுப்பையும் அலுவலகத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள் என்று அடுத்த பத்தியில் இருந்தது. அதற்கும் பிறகு வீட்டாள் வந்தது. சும்மா இருப்பது பதவியாகிவிட்டது. இப்போது பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெண் வீட்டார் முதலில் கேட்பதே, "உங்க வீட்டுல இல்லத்தரசு யாரு? பதவி எப்பக் காலியாவும்?" என்பதுதான்.

இந்த வீட்டில் ஆரம்பத்திலிருந்தே செண்பகவல்லிதான். போன தடவை எதிர்த்து நிற்க ஆளில்லை. இந்தத் தடவை கோமதிநாயகம் நின்றுவிட்டார். வாக்குகள் நான்கு: புருஷன், பெண்டாட்டி, மகன் இசக்கிராஜா, மருமகள் ரூபவதி. இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் பதவியில் இருப்பவர் இறங்கிவிட வேண்டும் என்பது சட்டம். ஆக, செண்பகவல்லிக்கு மூன்று வாக்கு வேண்டும்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது கோமதிநாயகம் பிரசாரத்தைத் தொடர்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"என்னமா வச்சிருக்கு! வீட்டாள் வீட்டாள்தான். ஏட்டி செண்பகம், ஒனக்கு வராத பக்குவம் ஒரு இரும்புக்கு வந்திருக்கு பாரு."

செண்பகவல்லி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். குனிந்திருந்த அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று ரூபவதி பார்த்தாள். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது போல இருந்தது.

மறுநாள் முற்பகலில் ரூபவதியின் தொப்பி இருண்டுபோனது. எங்கோ கடலுக்கடியில் கம்பி அறுந்துவிட்டதாம். சரியாகும் வரை ஓய்வு என்று எழுத்து வந்தது. மாமா அறையும் கணவன் அறையும் சாத்தியிருந்தன. அவர்கள் வேறு தடத்தில் வேலை செய்கிறவர்கள். அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனாள்.

கதவுக்கு மேல், இல்லத்தரசு உள்ளே போய்ச் சாத்தியதும் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டாளின் கைகள் ஓடும்போது இல்லத்தரசு தவிர வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. முன்பு யாரோ ஒருவர் பின்மண்டையில் பூரிக்கட்டையால் அடி வாங்கியதிலிருந்து இந்த விதி. ரூபவதி திரும்பிப் போக எத்தனித்தாள். உள்ளே யாரோ பாடுவது கேட்டது. பாட்டுக்கு நடுவே 'உம்ம்... உம்ம்...' என்று முக்கும் சத்தம்.

வீட்டாள் எதற்கு முக்குகிறது?

கதவைத் தொட்டாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. திறந்துகொண்டது.

செண்பகவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் இடியாப்ப அச்சை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி வீட்டாளின் நான்கு கைகளும் மேலே தூக்கியபடி நின்றன. ஒரு கையில் ஈரத் துணிகள் காய்ந்தன. இன்னொன்றில் வெள்ளைப்பூண்டுக் கொத்து. மூன்றாவதில் குடை. நான்காவது கையின் விரல்களுக்கிடையே செல்போன் செருகியிருந்தது. அதிலிருந்துதான் பாட்டு. கூடச் சேர்ந்து அத்தையும் பாடிக்கொண்டிருந்தாள்.

"கதவச் சாத்திட்டு உள்ள வா. வாசம் வெளிய போயிரும்," என்றாள் செண்பகவல்லி, திரும்பாமலே.

"அத்தே... இது..."

"நின்னு போச்சு."

"எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சு. இசக்கி தொப்பி போட ஆரம்பிச்ச வருஷம். ஒரு நா காலைல தோசைன்னேன். நாலு கையையும் மேல தூக்குச்சு. அப்படியே நின்னுட்டு. என்னையக் கும்பிடுதா, ஆசீர்வாதம் பண்ணுதான்னே தெரியல."

"அப்ப இட்லி, சாம்பாரு, துணிமணி... கூட்டுறது? சக்கரம் உருளுத சத்தம் தினமும் கேக்குதே?"

"அதுல கயிறு கட்டி நாந்தான் இழுத்துக்கிட்டுப் போறேன். ஒங்க ரூம் வாசல்ல ரெண்டு தடவ கூடுதலா இழுப்பேன்."

ரூபவதி அரிசிப் பானை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லிருக்கலாம்லா அத்தே. புதுசு வாங்கிருக்கலாம்."

"செஞ்ச கம்பெனிய மூடிட்டானுவ. வேற வீட்டாளுக்கு எழுதிக் குடுத்தா அது வார வரைக்கும் பதவி கெடையாது. எனக்கும் ஒரு தொப்பியத் தந்துருவான். நான் தொப்பி போடாதவளா? இது வாரதுக்கு முன்ன ரெண்டு வருஷம் போட்டேன். எந்த ஊரோ தெரியாது, ஒரு பொறி கேக்கும், ரோட்டுல கெடக்கது கல்லா நாயான்னு. நாயின்னு அமுக்குவேன். அடுத்தது. கல்லு. அடுத்தது. நாயி. அந்த நாயி எந்திரிச்சுப் போச்சான்னுகூட யாரும் எனக்குச் சொன்னதில்ல." அச்சை அழுத்தி ஒரு முறுக்கு முறுக்கினாள். "இங்கன உளுந்த நனையப் போட்டா, கொஞ்ச நேரத்துல ஊறிருக்கும். கண்ணால பாக்கலாம்."

"மாமாகிட்டயாவது சொல்லலாமே?"

"சொல்லணும்னுதாம்ட்டி இருந்தேன். அது நின்ன அன்னைக்கு மத்தியானம் கத்திரிக்காக் கொழம்பு வச்சேன். சாப்பிட்டு முடிக்கட்டும், சொல்லுவோம்னு நிக்கேன். மனுஷன் ரெண்டாந்தடவ சோறு வாங்குதாரு. 'அடேயப்பா, வீட்டாள் கை வீட்டாள் கைதான்'னாரு." அச்சைக் கீழே வைத்தாள். "அதே கொழம்பு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வைக்க அதே கொழம்பு. நான் வச்சா ஒரு நாளு புளி கூட, ஒரு நாளு உப்பு கொறச்சல். நல்லாருக்குன்னு ஒரு நாளு அந்த வாய்ல வந்ததில்ல. இரும்பு வச்சுதுன்னதும் வருது. சரி, இரும்பே வைக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கோவம் வரலியா?"

"வந்துச்சு. பொறவு சிரிப்பு வந்துச்சு. சிரிப்புதான் நின்னுச்சு." இடியாப்பத் தட்டை ஆவிப் பாத்திரத்துக்குள் இறக்கி மூடினாள். "நாளான்னைக்கு மனுஷன் உள்ள வந்து தோசைன்னு கத்துவாரு. அது கும்பிட்டுக்கிட்டு நிக்கும். நாலு வருஷம் ஊர ஏமாத்திட்டேன்னு வார்டு ஆபீசுக்குத் தெரிஞ்சா, மறு நாளே எனக்குத் தொப்பி. சாகுத வரைக்கும் நாயும் கல்லும்தான். எனக்கு மூணு ஓட்டு வேணும்ட்டி. ஒன்னோடது?"

"ஒங்களுக்குத்தான்."

"இசக்கியோடது?"

ரூபவதி யோசித்தாள். இசக்கிராஜாவின் வாக்கு சுறாப்புட்டுக்கு விலைபோய்விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"முயற்சி பண்ணுதேன்," என்றாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஆரம்பித்தாள்.

"அத்தையே இருக்கட்டுமே. சாப்பாடெல்லாம் நல்லாதான இருக்கு?"

"சாப்பாடு வீட்டாள் சாப்பாடு. அம்மா என்ன பண்ணுதா? சொல்லுதா. அப்பாவும் சொல்லுவாரு. புதுசா ஏதாவது சொல்லுவாரு," என்றான் இசக்கிராஜா. "நீ ஏன் அம்மா கட்சிக்குப் போன? என்ன தந்தா?"

"இடியாப்பம்."

"அது எல்லாருக்கும்தான் தந்தா."

"அத்தைக்கு இது போச்சுன்னா மனசு விட்டுரும்ங்க."

"மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் நிக்கட்டும். ஜனநாயகம்னா அப்படித்தான்."

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன், கேளுங்க. மாமா ஜெயிச்சா நீங்க நெனைக்க சாப்பாடு கெடைக்காது."

"ஏன்?"

அவள் கையில் இருந்த துண்டை உதறி உதறி மடித்தாள். அது முற்பகலில் வீட்டாளின் கையில் தொங்கிய துண்டு.

"பாத்தியா, காரணம் இல்ல," என்றான் அவன். "அவதூறுப் பிரசாரம்."

கீழே செண்பகவல்லி நேரடியாகவே முயன்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, விட்டுருங்களேன். கால் வலி வந்துரும்."

"உக்காந்து சொல்லுததுல என்னட்டி கால் வலி?"

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"பதவிய விட ஒனக்கு ஏன் இம்புட்டு பயம்?" என்றார் கோமதிநாயகம்.

"ஆசைதான். வேற என்ன?"

அவர் தலையாட்டினார். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டாவது சுவரொட்டி ஒட்டப் போனார். இந்தத் தடவை கரண்டி கொஞ்சம் கரண்டி போல இருந்தது.

ஞாயிறு காலை கூடத்துத் திரை தானாக ஒளிர்ந்தது. ஒவ்வொருவராகச் செல்போனோடு பால்கனிக்குப் போய், தங்கள் வாக்கை அமுக்கிவிட்டு வந்தார்கள். இசக்கிராஜா போகும்போது செண்பகவல்லி அவன் பனியனில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். அவன் வெளியே அதிக நேரம் நின்றான். ரூபவதிக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

இரண்டுக்கு இரண்டு.

'புதிய இல்லத்தரசு, திரு. கோமதிநாயகம். வாழ்த்துகள். உங்கள் குரலைப் பதிவு செய்யவும்,' என்றது திரை.

"வணக்கம்," என்று அவர் திரைக்குக் கும்பிடு போட்டார். பதிவாகிவிட்டது. திரைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பலகாரம் இந்தா வந்துரும்," என்று சமையலறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

செண்பகவல்லி சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"இப்ப கத்துவாரு," என்றாள் மெதுவாக.

"நான் போய்க் கதவத் தட்டவா அத்தே?" என்று காதோடு கேட்டாள் ரூபவதி.

"வேண்டாம். அவராத் தொறந்து வரட்டும். எப்படியும் மூஞ்சியப் பாத்துத்தான ஆவணும்."

கத்தல் வரவில்லை. குழாய் திறக்கும் சத்தம் வந்தது. ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு, சுவரில் இடித்து நின்றது. பிறகு அமைதி. பிறகு பட், பட்பட் என்று ஏதோ வெடித்தது.

செண்பகவல்லியின் தலை நிமிர்ந்தது.

"கடுகு," என்றாள்.

ரூபவதி அவளைப் பார்த்தாள்.

"கடுகு தானா வெடிக்காதுட்டி."

"வீட்டாள் அப்பா பேச்ச நல்லாக் கேக்குதே!" என்று இசக்கிராஜா மேசையைத் தட்டினான். கருகல் வாசம் கதவிடுக்கில் வந்தது. தொடர்ந்து, உள்ளே யாரோ அடி வயிற்றிலிருந்து இருமினார்கள். மிளகாய் நெடி. தும்மல் ஒன்று, இரண்டு.

அவன் தட்டுவதை நிறுத்தினான். "வீட்டாளுக்குத் தும்மல் வருமா?"

செண்பகவல்லி ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

விளக்கு அணைந்தது. கோமதிநாயகம் வெளியே வந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மீசையில் ரவை. இடது கைப் பெருவிரலை வாயில் வைத்திருந்தார். வலது கையில் ஒரு தட்டு நிறைய உப்புமா. அதை மேசையில் வைத்தபோது உப்புமா அசையவில்லை. ஒரே கட்டியாக இருந்தது.

இசக்கிராஜா கரண்டியால் ஒரு துண்டு வெட்டி எடுத்துத் தின்றான். நம்பிக்கையோடு மென்றான்.

செண்பகவல்லி எழுந்து உள்ளே போனாள். ரூபவதி பின்னாலேயே போனாள். துணியும் பூண்டும் குடையும் அந்தந்தக் கைகளில் அப்படியே இருந்தன. அடுப்பைச் சுற்றி ரவை கொட்டிக் கிடந்தது. வாணலியின் அடி கறுத்திருந்தது.

கோமதிநாயகம் வந்து பெருவிரலைக் குழாயடியில் நீட்டினார்.

"நீங்க கத்தவே இல்ல," என்றாள் செண்பகவல்லி.

"எதுக்குக் கத்தணும்?"

"தெரியுமா?"

அவர் விரலைத் திருப்பித் திருப்பி நனைத்தார்.

"ரசம்," என்றார். "பொறி வைக்க ரசம் எந்நாளும் ஒண்ணு போல இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்ன திடீர்னு ஒரு நாளு மிளகு தூக்குச்சு. அதுக்கு மொத நாளு ஒங்கண்ணன் மவன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு நான் சண்டை போட்டிருந்தேன். மூணு நாளு அப்படியே மிளகு. இரும்புக்கு எம்மேல என்னட்டி கோவம்?"

ரூபவதி குடையைப் பார்த்தபடி நின்றாள். சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

"அப்ப நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"இரும்பப் பாத்துச் சொல்லுதாப்பல சொன்னா வாய்ல வருது. ஒம் மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்கு."

செண்பகவல்லியின் முகம் இளகியது. அவ்வளவு லேசாக விட்டுவிடக்கூடாது என்று அவளுக்கே பட்டதுபோல உடனே இறுகியது.

"பொறவு இப்ப எதுக்கு எதுத்து நின்னிய? எனக்கு இருக்கது இது ஒண்ணு. நாளைக்கு நான் போய் நாயி பாக்கணுமா?"

"எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு செண்பகம். நீ உள்ள இருந்து பாடுத சத்தம் தொப்பிக்குள்ள கேக்கும். நானும் பாடிப் பாத்தேன், வரல. ரவை கிண்டுதது அத விடத் தேவலன்னு தோணிச்சு." குழாயை மூடினார். "நீ ஏன் நாளெல்லாம் போடணும்? காலைல நான் போடுதேன், மத்தியானம் நீ போடு. காலைல நீ கிண்டு, சாயந்தரம் நான் கிண்டுதேன். தொப்பிக்கு யாரு தலைன்னா தெரியும்? ஆள் இருக்கான்னுதான் பாக்கும். அடுப்படியில யாரு நிக்கான்னு எவன் வந்து பாக்கான்?"

செண்பகவல்லி அதை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. எங்கேயும் இடிக்கவில்லை. அவளுடைய பாட்டும் மிஞ்சும், உளுந்தும் மிஞ்சும். பாதி நாள் நாய்களைச் சமாளித்துவிடலாம். தோளைத் தளர்த்தி மூச்சு விட்டாள். அடுத்த நொடியே கண்ணைச் சுருக்கினாள்.

"இது இன்னைக்குத் தோணின யோசனையா?"

"எப்பவோ தோணினதுதான்."

"எப்பவோன்னா?"

"அந்த ரசத்தப்ப."

"நாலு வருஷத்துக்கு முன்னாலயா? அன்னைக்கே வந்து சொல்லிருந்தா நான் கயிறு கட்டி அந்தச் சக்கரத்த இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்க மாட்டேன்லா. ஏன் சொல்லல?"

கோமதிநாயகம் மேலே தூக்கியிருந்த நான்கு கைகளையும் பார்த்தார். ரூபவதியைப் பார்த்தார். வாசலில் வாய் நிறைய உப்புமாவோடு, "என்னது தெரியும்? என்ன ரசம்?" என்று கேட்டுக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார். யாரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

"சொன்னா," என்றார். தொண்டையைச் செருமினார். "சொன்னா, மறுநா காலைலயே நானும் எந்திரிச்சு வந்து செய்யணும்லாட்டி."